இரண்டு மாதச் சம்பளத்தில் ஒரு கிடார்

முகாம்,
மார்ச் 4

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

கிடார் உடைந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அடித்த காற்றில் மருந்து அறையின் இரும்புக் கதவு தானாகத் திறந்து, சுவரில் சாத்திவைத்திருந்த கிடார்மேல் மோதியிருக்கிறது. நான் அப்போது பக்கத்து அறையில் ஒருவருடைய கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. எதன் சத்தம் என்றும் தெரிந்தது. கட்டை முடித்து, மாத்திரை கொடுத்து, பதிவேட்டில் எழுதிய பிறகுதான் எழுந்து போனேன். கழுத்து முறிந்திருந்தது. கம்பிகள் மட்டும் விடாமல் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தன. சுரங்கத்து வெல்டர் வந்து பார்த்துவிட்டு, "இரும்பா இருந்தா சொல்லுங்க டாக்டரம்மா, ஒட்டித் தரேன்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

நர்ஸ் படிப்பு விடுதியில் சீனியர் அக்கா ஒருத்தி எனக்குத் தள்ளிவிட்டுப் போன கிடார் அது. மேல்பலகை வெறும் ஒட்டுப்பலகை. அது தெரிந்தேதான் இத்தனை வருஷம் வாசித்தேன். எனக்கு நாற்பத்தாறு ஆகிறது. ஒரு தடவையாவது நல்லதாக ஒன்று வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது. என் இரண்டு மாதச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் வேண்டாம், குறைந்தால் சந்தோஷம்.

உங்களுக்குக் கிடாரும் வீணையும் ஒன்றுதான் என்று தெரியும், ஆனாலும் கடைகள் இருக்கிற ஊரில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். முழு மரத்தில் செய்தது வேண்டும். முன்பலகை மட்டும் முழு மரமாக இருந்து முதுகு ஒட்டுப்பலகையாக இருந்தால் கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். முத்துப் பதித்தது, பூ வேலை செய்தது என்று காட்டினால் தாண்டிப் போய்விடுங்கள். என் விரல் குட்டை, கழுத்து ஒல்லியாக இருக்கட்டும். யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாங்கியதும் வியாழக்கிழமை சரக்கு லாரியில் போட்டுவிட்டால் எனக்கு வந்துவிடும்.

ஒப்பந்தத்தை இன்னொரு வருஷத்துக்கு நீட்டியதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. அதைப் போனில் பேசியாகிவிட்டது. "யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டே?" என்று நீங்கள் கத்தியது, சாப்பாட்டுக்கூடத்தில் எனக்குப் பின்னால் போனுக்காக வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. இனி எழுதிக்கொள்வோம். எழுத்தில் ஒருவர் முடித்த பிறகுதான் இன்னொருவர் ஆரம்பிக்க முடியும்.

தூக்கம் வருகிறது.

உங்கள் மனைவி


வீடு,
மார்ச் 15

டாக்டரம்மாவுக்கு,

அங்கே எல்லோரும் உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. நர்ஸ் என்று திருத்தித் திருத்தி நீயும் அலுத்துவிட்டாய். நானும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

உன் கடிதத்தில் கிடாருக்கு ஒரு பக்கம். எனக்கு இரண்டு வரி, அதுவும் நான் கத்தியதைப் பற்றி. எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். லிஃப்ட் மறுபடி படுத்துவிட்டது. ஐந்து மாடியும் ஏறி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். எழுந்து என்ன செய்வதென்று தெரிவதில்லை. ரொட்டியும் முட்டையும் சாப்பிடுகிறேன். முட்டை இல்லாத அன்று ரொட்டி மட்டும்.

சரி, கிடார். ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற பெரிய கடைக்குப் போனேன். "யாருக்கு சார், பையனுக்கா பொண்ணுக்கா?" என்றான் ஒருத்தன். மனைவிக்கு என்றேன். "ஹாபியா சார்?" என்றான். "இல்லப்பா, அவ ரொம்ப வருஷமா வாசிக்கிறா" என்றேன். அப்படிச் சொல்லும்போதுதான் உறைத்தது, நீ வாசித்து நான் கேட்டு எத்தனை காலமாகிறது என்று.

அவன் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக் காட்டினான். "இது நல்லாருக்கா சார், இது நல்லாருக்கா?" காலையிலிருந்து சாயங்காலம் வரை என் மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் கேட்கிற கேள்வி அது. சட்டத்தில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" சிலர் வித்தியாசமே தெரியாமல், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். அதேபோல நானும் "ரெண்டாவது" என்றேன். அவனுக்கு அதிலேயே என் லட்சணம் தெரிந்துவிட்டது. உடனே பெரிய உடம்பு கிடார் ஒன்றைத் தூக்கி வந்து, இதில் ஒயர் மாட்டினால் மேடையிலேயே வாசிக்கலாம், உங்கள் பட்ஜெட்டுக்குச் சரியாக இருக்கும் என்றான். முதுகு என்ன மரம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முதுகைத் தடவிப் பார்த்தான். பிறகு, "லேமினேட் சார், ஆனா யாரும் முதுகைப் பாக்கமாட்டாங்க" என்றான்.

வாங்காமல் வந்துவிட்டேன். பெரிய உடம்பா, சின்ன உடம்பா? அதை நீ எழுதவில்லை. கையெழுத்தைப் பற்றியும் எழுதவில்லை. எழுதமாட்டேன் என்று எழுதிவிட்டாய், அதனால் நானும் கேட்கவில்லை.

அப்படியேதான் இருக்கும்,
சோடாபுட்டி


முகாம்,
மார்ச் 27

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? கேட்டுவிட்டேன். ரொட்டியோடு ஒரு பழமாவது சாப்பிடுங்கள்.

முதுகைப் பற்றிக் கேட்டது நல்ல வேலை. படித்துச் சிரித்தேன். இங்கே சிரித்து நாளாகிறது.

சின்ன உடம்புதான் வேண்டும். பெரியது மடியில் உட்கார்ந்தால் வலது தோள் மேலே ஏறிக்கொள்கிறது, அந்தத் தோளில் இப்போது ஒன்றும் மிச்சமில்லை. ஆட்களைப் புரட்டிப் புரட்டித் தேய்ந்துபோன தோள். எல்லா நர்ஸுக்கும் இருக்கிறதுதான். இன்னொன்று, நான் பிளாஸ்டிக் வில்லையால் வாசிப்பதில்லை, விரலால்தான் வருடுகிறேன். லேசாகத் தொட்டாலே பேசுகிற மரமாக வேண்டும். சிடார் மரம் அப்படிப் பேசும் என்று சொல்வார்கள். கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமிருந்தால் அழுத்த வலு வேண்டும். வேலை முடிந்த பிறகு எனக்கு அந்த வலு இருப்பதில்லை.

வேறு என்ன எழுதட்டும்? இங்கே எல்லாம் தூசி. காலையில் கண்ணைத் திறந்தால் இமைக்குள் மணல். எங்கள் கிளினிக் ஒரு தகரப் பெட்டி, பகலில் அடுப்பு மாதிரி காய்கிறது. சுரங்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் காது மந்தமாகிறது, அதைப் பரிசோதித்து எழுதுகிறேன். எழுதி யாரிடம் கொடுப்பது என்று எனக்கும் தெரியாது. கிடாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்கிறீர்கள். யோசிக்கும்போது அலுப்புத் தராத விஷயம் எனக்கு இப்போதைக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

நாள் பார்த்து வேறு கடைக்கும் போங்கள். அவசரமில்லை.

உங்கள் மனைவி


வீடு,
ஏப்ரல் 10

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பழைய தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கடைக்குப் போனேன். ஒரு பெண் நடத்துகிறாள். முப்பது வயது இருக்கும். மூக்கடைப்பு, கையில் கைக்குட்டை, வியாபாரம் செய்கிற முகமே இல்லை. நீ எழுதிய பகுதியை அவளிடமே படித்துக் காட்டினேன். தோள் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். "அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரியுது சார்" என்றாள். எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தாள். சின்ன உடம்பு, சிடார், முதுகும் பக்கமும் முழு மரம். ஒரு பூ இல்லை, ஒரு முத்து இல்லை. பழைய மரப்பெட்டி மாதிரி இருந்தது. உன் இரண்டு மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய முழுவதையும் அது கேட்கிறது. இரண்டு நிமிஷம் வாசித்தாள். கைக்குட்டையை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. முடித்ததும் நான் பெட்டியில் போடச் சொன்னேன்.

"எங்கே சார் அனுப்புறீங்க?" என்றாள். சுரங்க முகாம், லாரியில் போகும், அங்கே தகரப் பெட்டிதான் கிளினிக் என்றேன். உடனே கிடாரை மறுபடி சுவரில் மாட்டிவிட்டாள்.

"வேண்டாம் சார். முழு மரம் மூச்சு விடுற மாதிரி. காத்து காஞ்சா சுருங்கும். அந்தச் சூட்டுல பசை விடும், மேல்பலகை வெடிக்கும். ஒரு கோடைக்கே தாங்காது. இதுக்கு ஒரு ரூம் வேணும், வெயில் படாத ரூம். முகாமுக்குன்னா ஒட்டுப்பலகையில நல்லதா ஒண்ணு தரேன், மூணுல ஒரு பங்கு விலைதான். கீழே விழுந்தாக்கூடத் தாங்கும்."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு காத்திருந்தாள். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆகவே இரண்டு இருக்கிறது. நீ ஆசைப்பட்டது வேண்டுமென்றால் அது இங்கே வீட்டில்தான் இருக்க வேண்டும். அங்கே வேண்டுமென்றால் ஒட்டுப்பலகை. அம்மாவின் அறை வெயில் படாதது, அதில் வைக்கலாம். நீ என்ன சொல்கிறாய்?

சோடாபுட்டி


முகாம்,
ஏப்ரல் 18

நீங்கள் எழுதியதைப் படித்தேன்.

கிடாரைக் காட்டி வீட்டுக்கு இழுக்கிறீர்களா? கடைப்பெண் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லியிருப்பாள், அவள் சொன்னது உண்மையும்தான், எனக்கே தெரியும். ஆசையில் மறந்துவிட்டேன். ஆனால் "அம்மாவின் அறையில் வைக்கலாம்" என்று எழுதினீர்களே, அதை எந்த யோசனையில் எழுதினீர்கள்?

அத்தை ஆறு வருஷம் அந்த அறையில் படுத்திருந்தார்கள். நான் அவர்களை வெறுத்ததில்லை, அது உங்களுக்கும் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இன்னொரு வார்டைப் பார்த்தேன். புரட்டுவது, துடைப்பது, குழாயில் கஞ்சி, துணி மாற்றுவது. உங்கள் கடை எட்டு மணிக்கு மூடும். நீங்கள் ஒன்பதரைக்கு வருவீர்கள். நடுவில் எங்கே இருந்தீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க நின்றால் கஞ்சி ஆறிவிடும். ஒருநாள் கொஞ்ச நேரம் வாசிக்கலாம் என்று கிடாரை எடுத்தேன். அத்தை, "யாரும்மா அழுறது?" என்றார்கள். அலமாரி மேலே வைத்தேன். அவர்கள் போன பிறகுதான் இறக்கினேன். இறக்கியதும் இங்கே கிளம்பி வந்துவிட்டேன்.

எல்லோரும் சம்பளத்துக்காகப் போனாள் என்று நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள், அல்லது அப்படி நினைப்பது உங்களுக்குச் சௌகரியமாக இருக்கிறது. இங்கே எனக்கு ஷிஃப்ட் முடிகிறது, சோடாபுட்டி. ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அதற்காகத்தான் வந்தேன். அதற்காகத்தான் நீட்டினேன். யாரைக் கேட்டு என்று கேட்டீர்களே, என் தோளைக் கேட்டு.

அந்த இரும்புக் கட்டில் இன்னும் அங்கேயே கிடக்கிறது என்று தெரியும். போன விடுமுறைக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. நீங்களும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அதற்குள் போய் உட்கார்ந்து நான் கிடார் வாசிக்க வேண்டுமா?

ஒட்டுப்பலகையையே வாங்கி அனுப்புங்கள். போதும்.


வீடு,
மே 2

டாக்டரம்மாவுக்கு,

ஒட்டுப்பலகைக் கிடாரை வாங்கி இன்று லாரியில் ஏற்றிவிட்டேன். கழுத்து ஒல்லி, உடம்பு சின்னது. கம்பியைத் தாழ்த்தித் தரச் சொன்னேன், கடைப்பெண் என் எதிரிலேயே தாழ்த்திக் கொடுத்தாள். டிரைவரிடம் மேலே மூட்டை எதுவும் வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். மீதி உன் கணக்கிலேயே இருக்கிறது.

நீ எழுதியதில் நான் மறுக்க ஒன்றுமில்லை. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். எல்லாமே எனக்காக நானே வாதாடுகிற மாதிரி இருந்தது. எட்டுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் நான் கடையில்தான் இருந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துடைத்த கண்ணாடிகளையே மறுபடி துடைத்துக்கொண்டு.

கிடாரை வைத்து இழுத்தேனா என்று கேட்டாய். எழுதும்போது அப்படி நினைக்கவில்லை. நீ கேட்ட பிறகு யோசித்தால், கொஞ்சம் இழுத்திருக்கிறேன் என்றுதான் தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சோடாபுட்டி


முகாம்,
மே 30

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

கிடார் பத்திரமாக வந்தது. டிரைவர் அதைத் தன் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்தார். நீங்கள் என்ன சொல்லி மிரட்டினீர்களோ.

உடனே எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. இங்கே வயிற்றுப்போக்கு பரவி, கிளினிக்கில் படுக்க இடமில்லாமல் வெளியே தார்ப்பாய் கட்டிப் படுக்கவைத்தோம். மாற்று நர்ஸ் வருகிறாள் வருகிறாள் என்கிறார்கள், வந்தபாடில்லை. அந்த நாட்களில் ஆறு மணிக்குக் கையெழுத்துப் போடவில்லை. எந்த மணிக்கும் போடவில்லை. ஷிஃப்ட் முடிகிறது என்று உங்களுக்குப் பெரிதாக எழுதியது ஞாபகம் வந்தது. இப்போது எல்லோரும் தேறிவிட்டார்கள். நான்தான் இன்னும் தேறவில்லை.

புதுக் கிடார் பரவாயில்லை. விரலுக்கு நோவில்லை, நீங்கள் கம்பியைத் தாழ்த்தச் சொன்னது நல்லதாகப் போயிற்று. சத்தம் மட்டும் தட்டில் தட்டின மாதிரி இருக்கிறது, எழும்பின வேகத்தில் அடங்கிவிடுகிறது. சாயங்காலம் வெளியே உட்கார்ந்து வாசித்தால் நாலைந்து பேர் வந்து சுற்றி உட்காருகிறார்கள். பாதிப் பேருக்குச் சரியாகக் காது கேட்காது. காலால் தரையைத் தட்டுகிறார்கள்.

நான் எழுதிய கடிதத்தில் ஒரு வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் நீங்கள் அதற்கு வாதாடவில்லை. அது எனக்கு எப்படியோ இருந்தது. வாதாடுவீர்கள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். சும்மா தெரிந்துகொள்ளத்தான். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள் என்று எழுதினீர்களே, அந்தச் சிடார் எப்படி இருந்தது என்று எழுதவே இல்லை.

உங்கள் மனைவி


வீடு,
ஜூன் 12

டாக்டரம்மாவுக்கு,

எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வார்த்தை தெரியாது என்பதால்தான் அப்போது எழுதவில்லை. சரி, இன்னொரு தடவை கேட்டுவிட்டு எழுதலாம் என்று கடைக்குப் போனேன். அது விற்றுப்போயிருந்தது. யாரோ ஒரு டீச்சர் வாங்கிப் போனாராம். வாசலிலேயே நின்றுவிட்டேன். கடைப்பெண் ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள்.

ஞாபகத்திலிருந்து சொல்கிறேன். ரொம்ப நேரம் பேசி முடித்த பிறகு இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்களே, அது மாதிரி இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

கடைப்பெண் ஒன்று சொன்னாள். "சார், நீங்க எத்தனை தடவை வந்து கேட்டாலும் பிரயோஜனம் இல்லை. வாசிக்கிறவங்க மடியில வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். அவங்களைக் கூட்டிட்டு வாங்க." நான் கூப்பிட்டு வர முடியாது, அவளாக வந்தால்தான் உண்டு என்றேன்.

அம்மாவின் அறையைக் காலி செய்துவிட்டேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன்னை வரவழைப்பதற்காகச் செய்யவில்லை. நீ எழுதிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தேன். கட்டிலை முதியோர் இல்லத்துக்காரர்கள் வந்து எடுத்துப்போனார்கள். ஐந்து மாடியும் படியில் இறக்க வேண்டியிருந்தது, நானும் ஒரு கால் பிடித்தேன். மருந்து டப்பா, ரப்பர் ஷீட் எல்லாம் போய்விட்டது. கட்டில் உரசிய இடத்தில் சுவரில் ஒரு கோடு இருந்தது. அதைத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. சுண்ணாம்பு அடித்துவிட்டேன். இப்போது உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு நாற்காலி மட்டும் போட்டிருக்கிறேன்.

அந்த ஆறு வருஷமும் உன் தோள்மேல்தான் போயிற்று. எனக்கு அது தெரிந்துதான் இருந்தது.

உன் மீதிப் பணம் அப்படியே இருக்கிறது. எப்போதாவது விடுமுறை கிடைத்தால் வந்து நீயே பார். வாங்கி எங்கே வைப்பது என்பது உன் இஷ்டம். வீட்டில் வைக்கப் பிடிக்காவிட்டால், கடையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

சோடாபுட்டி


முகாம்,
ஜூலை 25

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

லாரியில் தூங்கிக்கொண்டே வந்து சேர்ந்தேன். வீட்டில் இருந்த பத்து நாள் விடுமுறை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அதில் முதல் மூன்று நாள் நான் தூங்கியே கழித்தேன். நீங்கள் எழுப்பவில்லை. நீங்கள் செய்த குழம்பு வாயில் வைக்க வழியில்லை, ஆனால் நான் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கடையில் நடந்ததை நீங்கள் கூடவே இருந்து பார்த்தீர்கள், ஆனால் உங்களுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மூன்று கிடார் வைத்தாள். முதலாவது பெரிய பேர் உள்ளது. அழகு. எடுத்ததுமே சத்தமாகப் பேசியது. கொஞ்ச நேரத்தில், எனக்குப் பதில் சொல்லாமல் அதுவே பேசிக்கொண்டிருக்கிற மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவதைத் தொட்டதும் அழுகை வந்தது. ஆனால் கழுத்து அகலம். அரைமணி வாசித்தால் கட்டைவிரல் இழுக்கும். அழுகை வந்ததற்காக வாங்கிவிட்டுத் தினமும் வலியோடு வாசிக்க முடியாது என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். உங்களுக்கு அதுதான் பிடித்தது, முகத்தில் தெரிந்தது. மூன்றாவது சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. மேல்பலகையில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இருக்கிறது, அதனால்தான் விலை குறைவு. ஆனால் வாசிக்க வாசிக்கத் தோள் இறங்கியே இருந்தது. நான் வாசிக்கிறேன் என்பதையே மறந்துவிட்டேன். அந்தப் பெண் கடையைப் பூட்ட வேண்டும் என்று வந்து சொன்ன பிறகுதான் நிமிர்ந்தேன். "எடுத்துக்கிறேன்" என்றதும் நீங்கள் அவளிடம் முதுகு என்ன மரம் என்று கேட்டீர்கள் பாருங்கள், அவள் சிரித்துவிட்டாள்.

அறையைப் பற்றி அப்போது உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிடாரை வாங்கி வந்த பிறகும் இரண்டு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் நீங்கள் கடைக்குப் போன பிறகு உள்ளே போய் உட்கார்ந்தேன். சுண்ணாம்பு வாசனை மட்டும் இருந்தது. அத்தையின் ஞாபகம் வந்தது. உட்கார்ந்து வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன் என்று இன்று காலை மேலாளரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். மாற்று ஆள் வந்ததும் விடுவார்கள், அநேகமாக நவம்பர். கிடாருக்காக இல்லை. நீங்கள் அறையைக் காலி செய்ததற்காக மட்டும் என்றும் சொல்லமாட்டேன். இங்கேயும் களைப்பாகத்தான் இருக்கிறது. எங்கே இருந்தாலும் களைத்துத்தான் போவேன் என்றால், களைத்துப்போய் வந்து வாசிக்க நல்ல கிடார் ஒன்று அங்கே இருக்கிறது. வந்ததும் பகல் நேர வெளிநோயாளிப் பிரிவில் வேலை தேடுவேன். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான் நர்ஸ் இல்லை. உங்களுக்குச் சளி பிடித்தால் மாத்திரையை நீங்களே தேடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை ஒரு வேலை. புது மரத்தைச் சும்மா வைத்தால் இறுகிவிடும் என்பார்கள். தினமும் பெட்டியைத் திறந்து ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாக மீட்டிவிட்டு மூடுங்கள். பாட்டெல்லாம் வேண்டாம், உங்கள் லட்சணம் எனக்குத் தெரியும்.

உங்கள் மனைவி


வீடு,
ஆகஸ்ட் 9

டாக்டரம்மாவுக்கு,

நவம்பர் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மறுபடி படித்தேன். கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். அவரை அப்படியே உட்காரவைத்துவிட்டுப் போய்ப் படித்திருக்கிறேன். "சார், இன்னும் எழுத்துத் தெரியலை" என்று அவர் கூப்பிட்ட பிறகுதான் வந்தேன்.

மாத்திரை விஷயம் சரி. குழம்பு விஷயத்தில் முன்னேற்றம் இருக்கிறது, வந்து பார்.

கம்பியைத் தினமும் மீட்டுகிறேன். கடையிலிருந்து நேராக வந்து, கை கழுவி, துடைத்துக்கொண்டு. முதல் வாரம் ஒரு கம்பியின் சுருதி இறங்கிப்போய்விட்டது. இறங்கியது எனக்குத் தெரியவில்லை, பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள். கிடாரைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைப்பெண்ணிடம் சரிசெய்து வந்தேன். எப்படித் திருக வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். லென்ஸ் திருகு மாதிரிதான், ரொம்பத் திருகக் கூடாது.

தடிக் கம்பியில் ஆரம்பிக்கிறேன். ஒன்றை மீட்டினால் அது முழுக்க அடங்கின பிறகுதான் அடுத்ததைத் தொடுகிறேன். நடுவில் தொட்டால் தப்பு மாதிரி இருக்கிறது. அந்த அறையில் வேறு சாமான் இல்லாததால் அடங்குவதற்கு ரொம்ப நேரமாகிறது. ஆறும் முடிவதற்குள் படியேறி வந்த மூச்சிரைப்பு நின்றுவிடுகிறது. சில நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குக் கை இருக்கிறது, வாசிக்க இடிக்கும், கை இல்லாததுதான் வேண்டும் என்று கடைப்பெண் சொல்கிறாள். நீ வருவதற்குள் ஒன்று செய்யக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். தோள் இறங்கி இருக்க வேண்டுமென்றால் உட்காருகிற பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? அளந்து எழுது.

சோடாபுட்டி